வரையாமல் விட்ட வளைவு

ஞாயிறு காலை சென்னையில் திருப்பதி ரயிலைப் பிடித்து ஏகாம்பரகுப்பத்தில் இறங்கினேன். நகரி ஊருக்குள் போக இதுதான் வசதியான ஸ்டேஷன். வெளியே வந்ததும் மூக்கை நீட்டிக்கொண்டு நகரி மலை. ஆற்றங்கரை இருளர் குடியிருப்பு ஒன்றில் தங்கள் ஆற்றைத் தாங்களே சுவரில் வரைகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு பத்திரிகைக்கு எழுதலாமென்று வந்திருந்தேன்.

"பொம்ம பாக்கவா சார் இம்மாந்தூரம் வந்துகினு கீறீங்க?" என்று ஆட்டோ ஓட்டிய சீனு சிரித்தார். பிறகு அவரே விஷயத்தையும் சொன்னார். "நாளைக்கு மண்டல ஆபீசர் வராரு. அந்தக் கரைய மணல் லாரிக்கு வுடலாமா வாணாமான்னு பாப்பாரு. அவுங்க கையில பட்டா கெடையாது. அந்தப் பொம்மயத்தான் காட்டணும்."

சமுதாயக் கூடத்துச் சுவர் முழுக்க ஆறு நீலமாக இறங்கி வந்தது. மீன் பிடிக்கும் மடு, கிழங்கு தோண்டும் மேடு, செத்தவர்களைப் புதைக்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பேச்சில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தார்கள்.

"எங்க பேச்சுக்கு எய்த்து இல்ல சார். ரெண்டு பக்கமும் எரவல் வாங்கிக்கினோம்" என்றார் பாஞ்சாலி. நாற்பது வயதிருக்கும். வேலையை முன்னின்று நடத்துபவர் அவர்தான். என் கையிலும் ஒரு தூரிகையைக் கொடுத்து, "ஓரமா நாணல் போடுங்க, உங்க கையும் இருக்கட்டும்" என்றார். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் சுவரெதிரில் நின்றேன். நடுவில் ஒரு வளைவில் ஆறு அறுந்து, ஒரு முழம் வெள்ளையாகக் கிடந்தது. சாயம் போதவில்லை போலிருக்கிறது, அவசரத்தில் விட்டுவிட்டார்கள் என்று நானே முடிவு கட்டினேன். யாரையும் கேட்கத் தோன்றவில்லை. முந்திரிக்கொட்டை மாதிரி நீலத்தைக் குழைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்தேன். அழகுக்கு இரண்டு மீன் வேறு. முடித்துவிட்டு, செல்போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

திரும்பி வந்தவர்கள் சுவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அது கன்னிமாரு சாமிங்க எடம் சார்" என்றார் பாஞ்சாலி மெதுவாக. "அத்த எய்த மாட்டோம். அங்க காலு வெக்க மாட்டோம். அதுக்குப் பேரே கெடையாது."

"அந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்டால்?" என்று உளறினேன்.

"அவுங்க எடத்த எய்தின செவுத்த நிக்க வெக்கக் கூடாது சார்."

பல நாள் உழைப்பு. பொழுது சாய்வதற்குள் மொத்தச் சுவரையும் தேய்த்துக் கழுவினார்கள். மடு போயிற்று, மேடு போயிற்று, பெயர்களெல்லாம் நீலத் தண்ணீராக ஓடின. நான் வாளியைத் தூக்கப் போனேன். "நீங்க குந்துங்க சார்" என்றார் பாஞ்சாலி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் எனக்குத் தட்டில் சோறும் மீன்குழம்பும் வைத்தார்கள். வெட்கத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

திங்கள் காலை அதிகாரி வந்தார். ஈரம் காயாத வெள்ளைச் சுவரைப் பார்த்து, "பொம்ம எக்கடம்மா?" என்றார். படம் எங்கே என்று தெலுங்கில் கேட்கிறார்.

"நடந்து காட்றோம் சார்" என்றார் பாஞ்சாலி.

கரையோடு நடந்தோம். ஒவ்வொரு இடத்திலும் நின்று, முதலில் தங்கள் பேச்சில் பெயரைச் சொல்லி, பிறகு தெலுங்கில் விளக்கினார். அதிகாரியின் உதவியாளர் குறித்துக்கொண்டார். வெயில் ஏற ஏற அதிகாரி அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவர் இருந்திருந்தால் நிழலில் நின்றே எல்லாவற்றையும் பார்த்திருப்பார். பாதி தூரத்தில் அந்த வளைவு வந்தது. நல்ல மணல் தடம் இருக்க, எல்லோரும் அதைவிட்டு முள்ளுக்காட்டுக்குள் திரும்பினார்கள். அதிகாரி சலித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நேரா போலாமே, ஏன் சார் சுத்தறாங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

பாஞ்சாலி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார். அது யார் இடமென்று சொல்லிவிடுவான், உதவியாளர் அதையும் எழுதிக்கொள்வார் என்றே நினைத்திருப்பார். அப்படி நினைக்க நான்தான் காரணம்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அதிகாரி முக்கால் தூரத்திலேயே, "மிச்சத்த இன்னொரு நாள் பாக்கலாம்" என்று ஜீப் ஏறிவிட்டார். புதைக்கும் இடம் அந்த மிச்சத்தில் இருக்கிறது. அது எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை.

சென்னையில் என் வீட்டுக்குப் பின்னாலும் ஓர் ஆறு ஓடுகிறது. அதில் நாங்கள் கை வைக்காத இடம் ஒரு முழம்கூடக் கிடையாது. ரயிலில் இதை எழுதும்போது எத்தனை கிலோமீட்டர், எந்தப் பக்கம், என்ன ஊர் என்று பழக்கத்தில் பேனா ஓடப் பார்க்கிறது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும். ஏகாம்பரகுப்பத்துக்கு அப்பால் வழி சொல்ல மாட்டேன். கழுவுவதற்கு முன் எடுத்த படங்களையும் அழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் என் இரண்டு மீன்கள் இருந்தன.