கட்டாயப் பட்டாளமும் கல்யாணப் பேச்சும்

மாப்பிள்ளை பேசித் திரிகிற வேலையில், போகிற வீடெல்லாம் தேத்தண்ணி தாராளமாகக் கிடைக்கும். உண்மைக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு.

ஆண்பிள்ளைகள் எல்லாரும் கட்டாயம் பட்டாளத்தில் நிற்க வேண்டி வரும் என்ற கதையை எனக்கு முதலில் சொன்னவர் சுலைஹா ராத்தா. அக்காவை எங்கள் பக்கம் ராத்தா என்போம்; என்னையும் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் என்னைப் போலக் கல்யாணம் பேசுகிறவர்தான். போன நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். அப்படிச் சட்டம் ஒன்றும் வரவில்லை. வந்தால் நல்லது என்று டீவியில் யாரோ சொன்னாராம். பிள்ளைகளைப் பெற்று வைத்திருக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா? கல்முனையில் ஒருவர் வாயில் வந்தது, மருதமுனைக்குப் போய்ச் சேருமுன் சட்டமாகிவிடும்.

அவசரக்கார உம்மா

மருதமுனையில் ஒரு உம்மா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மகள் கம்பசில் படிக்கிறாள். படிப்பு முடியட்டும், அதுவரை இந்தப் பக்கம் வராதீங்க என்று என்னைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். இப்போது என்னவென்றால், சட்டம் வருமுன்னே ஒரு மாப்பிள்ளையைப் பேசி நிக்காஹை முடித்துவிட வேண்டுமாம்.

"பட்டாளத்துக்குப் போற பொடியனுகள் திரும்பி வருவாங்கதானே, ஏன் இந்த அவசரம்?" என்று கேட்டேன்.

"வருவாங்கதான் ராத்தா. அதுக்குள்ள என்ட மகள் படிச்சி முடிச்சிருவா. மறுகா எந்த மாப்புளயக் காட்டினாலும், இவருக்கு என்ன தெரியும் எண்டு கேப்பா."

மீனோடு வந்த மருமகன்

எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். சாய்ந்தமருதில் ஒரு மாமி, இளைய மகளுக்கு மாப்பிள்ளை தேடச் சொல்லி என்னை அழைத்திருந்தார். அவருக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப் போயிற்று. "வரட்டும் ராத்தா. இந்தக் காலத்துப் பொடியனுகளுக்கு ஒரு ஒழுங்கு வேணும். சொன்ன நேரத்துக்கு எழும்பி, சொன்னதச் செய்யப் பழகோணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மூத்த மருமகன் சந்தையிலிருந்து வந்தார். மாமி மீன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, சூடை வேண்டாம், பாரைக்குட்டி வாங்கி வாங்க என்றார். வரும் வழியில் காஸ் சிலிண்டரையும் மாற்றச் சொன்னார். பின்னேரம் உம்மா வீட்டுக்குப் போக நினைத்திருந்தாராம் அந்தப் பிள்ளை. கேற்றுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போகலாம் என்று பதில் வந்தது. அவர் பையை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"பெத்த உம்மாவப் பாக்கவும் லீவு கேட்டுத்தான் போறன். இதுக்கு மேல எந்தப் பட்டாளக் காம்புக்கு மாமி ஆக்கள அனுப்பப் போறீங்க?"

ஹாஜியாரின் சஹன்

சம்மாந்துறையில் ஒரு ஹாஜியார் வீட்டில்தான் இந்த விஷயத்துக்கு ஒழுங்கான நியாயம் ஒன்று கேட்டேன். "சிங்களப் புள்ள, தமிழ்ப் புள்ள, எங்கட புள்ள எல்லாம் ஒரு சஹன்ல கை வெச்சுச் சாப்பிட்டுப் பழகினா, மறுகா ஆரு ஆரோட சண்டை புடிக்கிற?" என்று கேட்டார். கல்யாண வீட்டில் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டைத்தான் சஹன் என்போம். அவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டுக்கு வழமையாகத் தயிர் கொண்டுவருகிற வீரமுனை அக்கா, சட்டிகளை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"கட்டாயமெண்டு சொல்லித்தான் என்ட தம்பியயும் சண்டைக் காலத்துல கூட்டித்துப் போனாங்க ஹாஜியார். ஆரு, எந்தப் பக்கம் எண்டு எங்கட அம்மா கேக்கவேயில்ல. எப்ப விடுவீங்க எண்டுதான் கேட்டா."

ஹாஜியார் தயிரை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். அன்று மாப்பிள்ளைப் பேச்சு நடக்கவில்லை.

எனக்கு வந்த கேள்வி

இப்படி ஊர்க்கதை கேட்டுக்கொண்டு திரிந்தவளுக்குச் சொந்த வீட்டில் ஒன்று காத்திருந்தது. என் கடைசி மகன் நிப்றாஸ் கராஜில் வேலை செய்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவன், பட்டாளத்தில் வாகனம் திருத்துகிற பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களாம், தான் போகட்டுமா என்று கேட்டான். சோற்றுக்கு ஊற்ற எடுத்த ஆணச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"ஆரும் உன்னக் கட்டாயப்படுத்தல்லயே மனே" என்றேன்.

"ஓம் உம்மா. கட்டாயமெண்டா உங்கள்ட்டக் கேட்டிருக்க மாட்டன். கூப்பிட்டா போயிருப்பன். இப்ப நீங்க ஓமெண்டாத்தான் போவன்."

சட்டம் இழுத்துக்கொண்டு போனால் உம்மாவுக்கு அழுதால் மட்டும் போதும். பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றால், பதிலும் அல்லவா சொல்ல வேண்டும்? வேண்டாம் என்றால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கராஜுக்குப் போவான். ஓம் என்றால், ஏதும் நடந்தால் அனுப்பினவள் நான்தான். அல்லாஹ்விடம் வழி காட்டச் சொல்லிச் சில நாள் இஸ்திகாராத் தொழுதேன். கனவு ஒன்றும் வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க என் பயம்தான் வேண்டாம் என்கிறது, வேறு காரணம் என்னிடம் இல்லை என்று விளங்கியது. அல்லாஹ்விடம் பொறுப்புக் கொடுத்து, ஓம் என்றேன்.

கத்தாரும் காம்பும்

நிப்றாஸுக்கு நிந்தவூரில் ஒரு பெண் வீட்டில் அநேகமாகப் பேச்சு முடிந்திருந்தது. அவன் பட்டாளத்துக்குப் போகிற விஷயம் காதுக்குப் போனதும் அந்த உம்மா பின்வாங்கினார். அவருடைய மூத்த மருமகன் கத்தாரில் இருக்கிறார். ரெண்டு வருசத்துக்கு ஒருமுறைதான் வருவார். என் மகன் அதைவிடக் கிட்டத்தானே இருப்பான் என்று நியாயம் பேசினேன்.

"கத்தாருல இருந்தா அங்கதான் இருக்கிறார் எண்டு நித்திரை கொள்ளலாம் ராத்தா. பட்டாளமெண்டா இண்டைக்கு எங்க நிக்கிறாரோ எண்டு புள்ள முழிச்சித்துக் கிடக்கோணும்."

நானும் அப்படித்தான் கிடக்கப்போகிறேன்.

சுலைஹா ராத்தாவிடம் போய் மனக்கவலையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு வழி சொன்னார்:

"எல்லாருக்கும் கட்டாயமாக்கிரணும் எண்டு துஆக் கேளுகா. அப்ப உன்ட மகன மட்டும் ஆரு ஒதுக்கிற?"

கெட்ட யோசனை இல்லை. அஸர் தொழுதுவிட்டுக் கையை ஏந்தியும் பார்த்தேன். என் மகனுக்குப் பெண் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஊரில் உள்ள அத்தனை உம்மாமாரின் பிள்ளைகளையும் அனுப்பச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. என் பிள்ளையைப் பத்திரமாக வைக்கச் சொல்லி மட்டும் கேட்டுவிட்டு எழும்பினேன்.

ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை பேசுகிறவளின் வீட்டில், ஆளும் குணமும் தொழிலும் உள்ள ஒரு மாப்பிள்ளை பேசுவாரில்லாமல் இருக்கிறார். லீவில் வருகிற மருமகன் போதும் என்று சொல்லக்கூடிய உம்மா யாரும் உங்களுக்குத் தெரிந்தால், எனக்கு ஒரு சொல் அனுப்புங்கள்.