எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆயுத பூஜை நாளின் காலையில், அபிராமபுரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நடந்தது இது. மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

அதற்கு முந்தைய வாரம் எங்கள் காரின் முன்சக்கரங்களில் கீச்சென்று சத்தம் வரத் தொடங்கியிருந்தது. பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்றார் என் கணவர். ஈக்காட்டுத்தாங்கலில் நாங்கள் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். பூஜைக்கு முன்னால் சர்வீஸ் செய்துவிட வேண்டும் என்று ஊரே அவர் ஷெட்டில் வந்து நிற்கும் நேரம் அது. "தல தூக்க முடில சார். பூஜை போவட்டும், அப்பால எடுத்துனு வாங்க" என்று சொல்லிவிட்டார். எங்களுக்கோ பூஜையன்று மதியம் கொட்டிவாக்கத்தில் என் அக்கா வீட்டில் சாப்பாடு. அந்தச் சத்தத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போக முடியாது.

தானே மாற்றிவிடுவதாகக் கணவர் சொன்னார். வைப்பர், பேட்டரி, ஏர் ஃபில்டர் எல்லாம் அதற்கு முன் அவரே மாற்றியவைதான். நிதானமானவர். கடையில் போய்ச் சரியான பேடுகளை வாங்கி வந்தார். நல்ல ஜாக்கி, ஸ்பேனர் செட் வாங்கினார். ஒரே வீடியோவை மூன்று இரவு பார்த்தார். பூஜையன்று விடிந்ததும், தரைத்தளத்தில் கார் நிற்கும் இடத்திலேயே வேலையை ஆரம்பித்தார்.

எதிரே மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கு அன்று வேலை இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், புது மெக்கானிக்கா? நம்ம பொட்டிகூட கொஞ்சம் ரிப்பேர் கீது" என்றார். கணவர் சிரித்தபடியே சக்கரத்தைக் கழற்றினார்.

அவசரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. என் மாமனார் தெற்கே இருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை நடத்தியவர். ஆயுத பூஜையில் அவருக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. வீட்டில் இருக்கிற கருவிகள் எல்லாம் நல்ல நேரத்துக்குள் சாமி முன்னால் போய்விட வேண்டும். போனதை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. அன்று காலை மாடியிலிருந்து நாலைந்து முறை குரல் கொடுத்துவிட்டார். கடைசியில் அவரே கீழே வந்து நின்றார். "எலே, நல்ல நேரம் போவுது. அந்தச் சாமானை எல்லாம் எடு. பூசைக்கு வச்சிட்டா பொறவு தொடப்பிடாதுன்னு தெரியும்லா?"

அப்போது சக்கரங்களை மாட்டியாகிவிட்டது. நட்டுகளை இறுக்கி, ஜாக்கியை இறக்கி, எல்லாவற்றையும் துடைத்து மாடிக்குக் கொண்டுபோனார் கணவர். சந்தனம் குங்குமத்தோடு அவை என் மகளின் பாடப்புத்தகங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. வீடியோவில் சொன்ன கடைசி வேலை ஒன்று செய்யாமல் பாக்கி இருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பூஜை முடிந்து கீழே வந்தோம். காருக்கு மாலை போட்டோம். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். கார் நிற்கிற இடம் சமதளம். காரின் மூக்குக்கு முன்னாலேயே தெருவுக்கு இறங்கும் சரிவு தொடங்கிவிடும். வெள்ளம் வந்த பிறகு தரையை உயர்த்திக் கட்டியதால் எங்கள் தெருவில் எல்லா வாசல்களும் இப்படித்தான். மாமனார் கற்பூரம் காட்டி, சரிவின் அடியில் பூசணிக்காயை உடைத்தார். ஒதுங்கி வாருங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. உடைத்த கையோடு குனிந்து துண்டுகளை ஓரமாக அள்ள ஆரம்பித்தார். பூசணிக்காயில் வழுக்கி பைக்கில் விழுந்த ஒருவரைக் கடை வாசலில் தூக்கிவிட்ட நாளிலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம். முதுகு காரைப் பார்த்து இருந்தது.

கணவர் வண்டியைக் கிளப்பினார். பழங்கள் நசுங்குகிற அளவுக்கு மட்டும் நகர்த்தி நிறுத்துவதுதான் வழக்கம். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றிருந்தேன். முன்சக்கரம் பழத்தின் மேல் ஏறியது. அது பிதுங்கும் சத்தம் கேட்டது. மகள் கை தட்டினாள். வண்டி நிற்கவில்லை.

கண்ணாடி வழியாகக் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. மிதித்த பெடல் எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போனதாகப் பிறகு சொன்னார். கார் சரிவில் இறங்கியது. எதிரிலிருந்து இஸ்திரிக்காரரின் குரல் வந்தது: "யோவ் பெருசு! நவுருயா! சார், ஹேண்ட் பிரேக்கு!"

கணவரின் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. டயர்கள் தரையில் தேய்ந்தன. பம்பரில் தொங்கிய மாலை மாமனாரின் வேட்டியைத் தொட்டு ஆடிக்கொண்டிருக்க, கார் நின்றது. அவர் குனிந்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தார். "என்னலே அவசரம்? இன்னும் அள்ளி முடிக்கலைலா?" என்று அதட்டிவிட்டு, மிச்சத் துண்டுகளை அள்ளினார்.

இஸ்திரிக்காரர் வழக்கமாகக் குனிந்த தலையோடு துணி தேய்ப்பவர். அன்று அவருக்கு வேலை இருந்திருந்தால் எங்கள் வாசலைப் பார்த்திருக்க மாட்டார்.

கொட்டிவாக்கத்துக்கு ஆட்டோவில் போனோம்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. "வேல சுத்தமா கீது சார்" என்றார். புது பேடு வைக்கும்போது, பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அது திரும்ப வெளியே வந்து பேடைப் பிடிக்கும்வரை, வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பல முறை மிதிக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போன கடைசி வேலை அதுதான்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. "நானும் மிதிக்காம வுட்டுக்கிறேன் சார். எங்க ஓனரு ஷட்டர்லயே போயி சாத்திட்டேன். டமால்னு ஒரு சவுண்டு. அன்னிலேந்து எங்க ஷெட்ல மொதல்ல மிதி, அப்பாலதான் சாவி" என்று சொல்லிச் சிரித்தார்.

அதே தவறு அவருக்கு ஒரு ஷட்டரோடு போயிருக்கிறது.

அந்த நாளைப் பற்றி வீட்டில் இன்றும் ஒரே கருத்து இல்லை. எலுமிச்சம்பழம் வைத்ததால்தான் கண்டம் வாசலோடு போயிற்று, இல்லாவிட்டால் கடற்கரைச் சாலையில் அல்லவா தெரிந்திருக்கும் என்கிறார் மாமனார். அவர் அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால் கண்டமே வந்திருக்காது என்று கணவர் என்னிடம் மட்டும் சொல்வார். அதை அப்பாவிடம் சொன்னதில்லை. இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. கணவர் இப்போதும் காரின் சில வேலைகளைத் தானே செய்கிறார்; பிரேக்கை மட்டும் ஷெட்டுக்கு அனுப்புகிறார். அது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மெக்கானிக்கின் கைகளும் தவறும் என்பதை அவரே சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: யார் பழுது பார்த்த வண்டியானாலும், அது முதல் முறை நகரும்போது, அதற்கு முன்னால் யாராவது குனிந்து நிற்கிறார்களா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.