ஊன்றுகோலுக்கு ஒரு டோக்கன்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டாரச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய மனிதர் வரும் விழா என்றால் ‘பலத்த பாதுகாப்பு போடப்பட்டிருந்தது’ என்ற வரி யோசிக்காமலே வந்துவிடும். அந்தப் பாதுகாப்பு யாரை நிறுத்தும் என்பதை அலோர் ஸ்டார் திடலின் வாசலில், என் அக்காவோடு நின்றபோதுதான் பார்த்தேன்.

அக்கா சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் வேலை செய்தாள். பால் வெட்டப் போகிறவர்களின் கைக்குழந்தைகள் அவள் பொறுப்பு. இளம்பிள்ளை வாதத்தில் அவளுடைய வலது கால் சிறுவயதிலேயே சூம்பிப்போனது. தோட்டத்துத் தச்சர் ரப்பர் மரத்தில் செய்து, அடியில் இரும்புப் பூண் போட்டுக் கொடுத்த கட்டையைக் கக்கத்தில் வைத்து ஊன்றி நடப்பாள்.

அவள் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. மாநில விழாவில் பல பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து செய்யும் உடற்பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். லயத்து வீட்டு வாசலில் தினமும் கையைத் தூக்கி இறக்கிப் பழகியவள் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான். “நீ கண்டிப்பா வந்து பாக்கணும்.”

பெற்றோர்கள் சேர்ந்து பிடித்த பஸ்ஸைத் திடலுக்கு வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து வெயிலில் நடை. எங்கள் வேகத்துக்கு மற்றவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். வாசலில் ஒரு மேசை. குடைகளை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொண்டர் சீருடையில் நின்ற இளைஞன் தமிழன்தான்.

“அக்கா, கட்டைய இங்க வச்சிட்டுப் போங்க. டோக்கன் தர்றேன்.”

“இத வச்சிட்டு எப்படிப்பா போறது?”

“இன்னிக்குக் கம்பு, கட்டை, இரும்பு ஒண்ணும் உள்ள போகக் கூடாது. ஆர்டர்லா.”

“அப்ப என்னையும் கட்டையோட சேத்து வச்சுக்க. ரெண்டுக்கும் ஒரே டோக்கன் போதும். முடிஞ்சதும் என் தம்பி வந்து வாங்கிக்குவான்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இளைஞனும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். “அண்ணே, நீங்க தூக்கிட்டுப் போயிடுங்களேன்.”

அக்காவின் சிரிப்பு நின்றது. “வேணாம். என் மக சிநேகிதப் பிள்ளைங்கல்லாம் பாக்கும். நான் நடந்துதான் வருவேன்.”

நிருபர் அட்டையை எடுத்துக் காட்டினேன். அது என் ஒருவனுக்குத்தான் செல்லும் என்றான். மேலதிகாரி வந்தார். கட்டையின் பூணை விரலால் தட்டிப் பார்த்தார். மலாயில் நிதானமாகவே பேசினார். கார்கள் நுழையும் பின்வாசலில் இங்கே போலப் படி கிடையாது, அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். கோபப்படக்கூட அவர் இடம் தரவில்லை. குடைக்கு மேசையும் டோக்கனும் யோசித்து வைத்திருந்தவர்கள், நடக்க முடியாத ஒருவர் வரக்கூடும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வேலியோரமாகவே திடலைச் சுற்றினோம். கட்டை மண்ணில் புதையப் புதைய, இழுத்து இழுத்து ஊன்றினாள். நாங்கள் வந்த பக்கத்துக்கும் பின்வாசலுக்கும் நடுவே பெரிய கால்வாய்; கார்கள் வரும் பாதை எதிர்க்கரையில். அதன் மேல் வழக்கமாகக் கிடக்கும் பலகையைக் காணவில்லை. திருட்டுத்தனமாக யாரும் நுழையக் கூடாதென்று காலையிலேயே எடுத்துவிட்டார்களாம். எதிர்க்கரையில் நின்ற போலீஸ்காரர், முன்வாசலுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பாதி வழி திரும்பி வந்திருப்போம். ஒலிபெருக்கியில் பள்ளிகளின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். மகளுடைய பள்ளியின் பெயரும் வந்தது. அக்கா நடையைக் கூட்டினாள். கட்டை இரண்டு முறை வழுக்கியது. வாசலை அடைந்தபோது உள்ளே பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. கட்டையை மேசை மேல் போட்டாள்.

“தூக்குடா.”

அதே இளைஞன் டோக்கனை நீட்டினான். வாங்க என் கையில் இடமில்லை. என் சட்டைப்பையில் அவனே செருகினான். கூட்டம் நிறைந்த படிகளில் ஒவ்வொருவரையும் விலகச் சொல்லி ஏறினேன். அக்கா யாரையும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேல்படிக்கு வந்தபோது வாத்தியம் நின்று கைதட்டல் கேட்டது. திடலில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசை வரிசையாக எதிர்ப்பக்கம் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் தெரிந்தது முதுகுகள்தான்.

மறுநாள் நான் அனுப்பிய செய்தியில் அந்த வாசலைப் பற்றியும் எழுதியிருந்தேன். அச்சில் வந்தது, பாதுகாப்பு ஏற்பாடுகள் சிறப்பாக இருந்தன என்ற ஒரு வரி.

விழா நாளன்று திரும்பும்போது பஸ்ஸில் மகள் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பாத்தியாம்மா?”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். “நீங்க வெளிய போறப்பதான் வந்து சேந்தேன். எல்லா முதுகும் ஒரே மாதிரி இருந்துச்சு. அதுல ஒண்ணு நீதான்னு பாத்துக்கிட்டேன்.”



“திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்கம்மா,” என்றாள் மகள்.