கரி பஸ்ஸில் ஒரு கார்க்காரர்

கரையான்சாவடி வளைவு வருவதற்கு ஒரு பர்லாங்கு முன்பே தசரதனுடைய வலது கை பஸ் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். தோளுக்கு நேராக, விறைப்பாக, சட்டப்படி. இதில் ஒரே ஒரு சங்கடம், அவர் டிரைவர் அல்ல. டிரைவருக்கு நேர் பின்னால் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் பிரயாணி. டிரைவர் கன்னியப்பனும் தன் கையை நீட்டுவான். ஆக, பூந்தமல்லியிலிருந்து பட்டணம் போகும் எங்கள் பஸ்ஸுக்கு வலப்பக்கம் இரண்டு கைகள். எதிரே வரும் கட்டை வண்டிக்காரர்கள் எந்தக் கையை நம்புவதென்று தெரியாமல் மாட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கும்பிடு போடுகிறார்கள்.

“கைய உள்ள இஸ்துக்கோ நைனா. வண்டிய நான் ஓட்டிகினு கீறேனா, நீ ஓட்டிகினு கீறியா?” என்பான் கன்னியப்பன்.

“நீதான் ஓட்டுறே. மறந்துடப் போறியேன்னு காட்டினேன்” என்பார் தசரதன். கை மட்டும் வளைவு தாண்டியபிறகுதான் உள்ளே வரும்.

கை இப்படியென்றால் கால் வேறு மாதிரி. எதிரே எருமை வந்தால் தசரதனின் வலது கால் காலடிப் பலகையை ஓங்கி மிதிக்கும். பஸ் நிற்பது கன்னியப்பன் மிதித்ததாலா, இவர் மிதித்ததாலா என்று சொல்ல என்னால் முடியாது, தசரதன் சொல்லுவார். அந்த இடத்தில் பலகை பளபளவென்று தேய்ந்திருக்கிறது. பூக்காரி வேம்புலியம்மாள் கூடையைத் தப்பித் தவறி அங்கே வைத்துவிட்டால் போயிற்று. “நைனா பிரேக்கு போட்டுப் போட்டே என் மல்லி பாதி மென்னு துப்பின வெத்தல பாக்காப் பூடுது” என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஆள் ஒல்லி. வேட்டிக்கு மேல் காக்கிக் கோட்டு. தலையில் ஒரு தட்டைத் தொப்பி. காற்றில் முடி பறக்காமல் இருக்கக் கார் ஓட்டுகிறவர்கள் போடுவது. தசரதனுக்கு முடி கிடையாது, பஸ்ஸுக்கு வேகம் கிடையாது. இடுப்பு அரைஞாணில் ஒரு சாவி தொங்குகிறது. கல்லாப்பெட்டிச் சாவி என்று நினைத்துவிடாதீர்கள். அமைந்தகரை நெல் மண்டியில் அவருக்கு உள்ள பங்குக்குப் பெட்டியும் இல்லை, பூட்டும் இல்லை. அது கார்ச் சாவி. பஸ் எங்கேயாவது முக்கி முனகி நின்றால் அவர் விரல்கள் தாமாகவே கோட்டுக்குள் போய் அந்தச் சாவியைத் தடவிப் பார்த்துவிட்டு வரும்.

பஸ் நிற்காத நாள் உண்டா? பெட்ரோலைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு நம் முதுகில் கட்டிவிட்ட பூதம் இந்தக் கரி பஸ். பின்னால் ஒரு கொப்பரை, அதில் கரி, கரிக்கு ஒரு ஊதுசக்கரம், சக்கரத்தைச் சுற்ற ஒரு கண்டக்டர். கொப்பரையில் புகை பிடித்தால் இஞ்சினுக்கு மூச்சு வரும். மேட்டில் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டும். பள்ளத்தில் அவர்கள் ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சட்டையோடு ஏறியவரைப் பட்டணத்தில் இறங்கும்போது சொந்த மாமியாருக்கே அடையாளம் தெரியாது. ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான். பெட்ரோல் இன்னும் சரணடையவில்லை. கூப்பன் இருந்தால் காசு இல்லை, காசு இருந்தால் கூப்பன் இல்லை, இரண்டும் இருந்தால் பங்கில் சரக்கு இல்லை.

சண்டைக்கு முந்திய தசரதனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கறுப்புக் கார், மழைக்கு இழுத்து மூடும் கான்வாஸ் கூரை, ரப்பர் பந்தை அமுக்கினால் வாத்துக் கத்துகிற ஹாரன். பூந்தமல்லிப் பெட்ரோல் பங்கில் கைப்பிடியை ஆட்ட ஆட்டக் கண்ணாடிக் குடத்தில் பெட்ரோல் ஏறும். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். தசரதன் பேரம் பேசாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், “ரொப்பு” என்பார். ரொப்பு! இந்த ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. இப்போது எந்தக் கடையில், எந்தச் சாமானுக்கு, யார் அப்படிச் சொல்கிறார்கள்?

அந்தக் காரில் அவர் தனியாகப் போய் நான் பார்த்ததில்லை. சாலையில் நடக்கிறவனைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. “இன்னாத்துக்கு நடந்துகினு போறே? ஏறு!” கோர்ட்டுக்குப் போகிறவன், வேலப்பன்சாவடிச் சந்தைக்குப் போகிறவன், தாய் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிறவள், எல்லாரும் ஏறுவார்கள். வேம்புலியம்மாளின் கூடைகள் பின்னால் கயிற்றில் தொங்கும். நால்வர் உட்காரும் காரில் ஒன்பது பேர். படியில் ஒரு ஆட்டுக்குட்டி. மல்லிகையும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை, கார் போன பிறகும் புளியமர நிழலில் சற்று நேரம் நின்றிருக்கும். எந்த சென்ட் கடையிலும் அது கிடைக்காது. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது தம் காரை பஸ் மாதிரி ஓட்டினார். இப்போது பஸ்ஸைத் தம் கார் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார். மனிதர் மாறவில்லை; எண்ணெய்தான் மாறிவிட்டது.

கார் இன்னமும் இருக்கிறது. கரையான்சாவடிக்கு இந்தப் பக்கம், சாலையோரத்து வீட்டில், மாட்டுக் கொட்டகையின் பாதியில், வேட்டியால் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மறு பாதியில் மாடுகள். கடைசியாகக் கூப்பனில் வாங்கியதில் தசரதன் ஒரு சீசா பெட்ரோலை மிச்சம் பிடித்து, மெழுகு வைத்து அடைத்து, குளுமைக்காக நெல் குதிருக்குள் புதைத்து வைத்திருந்தார். ஆண்டுக்கு ஒரு தரம், ஆயுத பூஜையன்று, குதிருக்குள் கை விட்டு எடுப்பார். காரை வெளியே தள்ளி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு கிண்ணம் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பி, பழத்தை நசுக்கிக்கொண்டு நாலு அடி ஓட்டுவார். பிறகு நாலு அடி பின்னுக்குத் தள்ளிக் கொட்டகையில் விடுவார். வண்டி தன் காலால் பழம் நசுக்கினால்தான் அந்த வருஷம் அதற்கு உயிர் என்பது கணக்கு. ஆள் தள்ளி நசுக்கினால் செல்லாது.

இதைப் பற்றி அவருடைய மனைவி வரலட்சுமியின் அபிப்பிராயம் ஊரறிந்தது. “எங்க ஊட்டுச் சோத்துல கூட வண்டி வாசன அடிக்குது. சாப்ட்டுட்டு ஏப்பம் உட்டா ஹாரன் சத்தந்தான் வர்ல.”

இந்த வருஷம் அவள் ஏப்பத்தோடு நிற்கவில்லை. பாடி கிராமத்திலிருந்து ஒரு வண்டிக்காரர் வந்து காரின் டயர்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கட்டை வண்டிக்கு ரப்பர் டயர் போட்டால் மாட்டுக்கு நோவு தெரியாதாம், கத்தரிக்காய் குலுங்காதாம். டயர் தந்தால் தசரதன் வீட்டுக் காய்கறியையும் தினம் அதே வண்டியில் பட்டணம் கொண்டு சேர்க்கிறேன் என்றார். வரலட்சுமி கணவரிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “இந்த ஆயுத பூஜைக்கு வண்டி பழம் நசுக்கட்டும், நான் வாயே தொறக்கல. நசுக்கலேன்னா டயரக் கழட்டிக் குடுத்துடணும். இன்னா, சரியா?”

“சரி” என்றார் தசரதன். சீசாவில் கடைசிக் கிண்ணம்தான் மிச்சம் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

பூஜையன்று காலை நான் பஸ்ஸில் இருந்தேன். கூரைமேல் வேம்புலியம்மாளின் சாமந்திக் கூடைகள். பட்டணத்தில் ஒவ்வொரு கடையும், ஒவ்வொரு தறியும், ஒவ்வொரு தராசும் பூவுக்குக் காத்திருக்கிற நாள். உச்சிவேளைக்குள் போய்ச் சேர்ந்தால் வருஷத்துச் சம்பாத்தியம். தாண்டிவிட்டால் மாட்டுக்குத் தீனி. இரவு பெய்த மழையில் கரி நனைந்திருந்தது. பஸ் இருமியது, தும்மியது, தசரதன் வீட்டு வாசலுக்கு நேராக வந்து கண்ணை மூடிவிட்டது.

அங்கே கார் வெளியே நின்றிருந்தது. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு முன்னால் நான்கு பழங்கள். கற்பூரத் தட்டோடு வரலட்சுமி. தொப்பியோடும் சீசாவோடும் தசரதன். அவர் சீசாவைத் திறக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாக அப்படித்தான் நிற்கிறார் என்பது தட்டைப் பிடித்திருந்த வரலட்சுமியின் முகத்தில் தெரிந்தது.

கண்டக்டர் ஊதுசக்கரத்தைச் சுற்றினான். நாங்கள் சுற்றினோம். ஈரக் கரி ஈரக் கரியாகவே இருந்தது. சோம்பல் கொண்ட இஞ்சினை உசுப்ப முதலில் கொஞ்சம் பெட்ரோல் வேண்டும். கம்பெனி காலையில் அளந்து கொடுத்ததைக் கன்னியப்பன் பூந்தமல்லியிலேயே ஊற்றிவிட்டான். இப்போது அவன் பார்வை சீசாமேல் விழுந்தது. கேட்க மனம் வராமல் சண்டைக்குப் போனான்.

“அது பெட்ரோலா நைனா, இல்ல காசித் தீர்த்தமா? இத்தினி நாளு நெல்லுக்குள்ள கெடந்து நெய்யாப் பூட்டிருக்கும்.”

“பெட்ரோலுடா. மோந்து பாக்கறியா?”

“நாறுறதெல்லாம் பெட்ரோலா? எங்க கொப்பரைகூடத்தான் நாறுது.”

வேம்புலியம்மாள் சுற்றிவளைக்கவில்லை. “நைனா, உன் வண்டி ஓடுனப்போ நான் ஒரு நாளு நடந்து போயிருக்கேனா? கூடய நீயே தூக்கிக் கட்டுவியே. இன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு வேடிக்க பாத்துகினு நிக்கிறே?”

தசரதன் காரைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். பிறகு எவரையும் பார்க்காமல் மெழுகைப் பல்லால் கடித்துத் துப்பி, சீசாவைக் கன்னியப்பன் மூக்குக்குக் கீழே நீட்டினார். கன்னியப்பன் மோந்தான். மோந்தபடியே நின்றான். சண்டைக்கு முந்திய காலம் முழுதும் அந்த ஒரு மூச்சில் உள்ளே போவதைப் பார்த்தேன். என் பக்கமும் கொஞ்சம் வந்தது. பொய் சொல்வானேன், நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அசல்” என்றான் கன்னியப்பன், தணிந்த குரலில்.

தசரதனே ஊற்றினார். ஒரு சொட்டு கீழே போகவில்லை. கன்னியப்பன் முன்னால் போய் இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினான். பஸ் ஒரு முறை வெடித்தது, இரண்டாம் முறை உறுமியது. வேம்புலியம்மாள் குலவை போட்டாள்.

கூச்சலுக்கு நடுவே வரலட்சுமி கணவர் பக்கத்தில் வந்தாள். கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. “நம்ம வண்டி கெளம்பாதுன்னு உங்களுக்குத் தெரியும். தப்பிச்சிக்கினீங்கோ.”

“எனக்குத் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது” என்றார் தசரதன்.

“டயரு?”

“சொன்ன சொல்லு சொன்னதுதான். பாடிக்காரர வரச் சொல்லு.”

அவள் தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். தசரதன் குனிந்து காரின் சக்கரங்களுக்கு முன்னாலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கோட்டில் துடைத்தார். கொண்டுபோய் பஸ் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். பிறகு எங்களோடு ஏறி, டிரைவருக்குப் பின்னால், தம் இடத்தில் உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தது. பழங்கள் நசுங்கிய சத்தம் உள்ளே இருந்த எல்லாருக்கும் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கை கோட்டுக்குள் சாவியிடம் போனது, அங்கேயே தங்கிவிட்டது.

கரையான்சாவடி வளைவு நெருங்கியது. வளைவுக்கு ஒரு பர்லாங்கு இருந்தது, பிறகு அரை பர்லாங்கு இருந்தது. ஜன்னல் வெறுமையாக இருந்தது. எதிரே ஒரு கட்டை வண்டி. கன்னியப்பன் தன் கையை நீட்டவில்லை. வேகத்தைக் குறைத்தான், தலையை லேசாகத் திருப்பினான்.

“இன்னா நைனா, வளைவு வந்துகினு கீது. கைய காட்டு.”

தசரதன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினார், தோளுக்கு நேராக, விறைப்பாக.