ஏரிக்கரையில் அடிக்காத மேளம்

பொங்கல் லீவில் உத்திரமேரூரிலிருந்து வேடந்தாங்கலுக்குச் சைக்கிளிலேயே போனேன். புகையில்லாத பயணம் என்று எனக்கே பெருமை! ஏரி மரங்களில் நாரைகள் அசையாமல் இருந்தன. பறக்கவைத்துப் படம் எடுக்கலாமே என்று, தீபாவளியில் மிஞ்சிய வெடியைக் கரையில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன்.

அந்த நேரம் அந்த வழியாக ஒரு கல்யாண ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. தவில்காரர் தவிலை அடிக்காமலே நடந்தார். மாப்பிள்ளை ஓடிவந்து என் கையிலிருந்த குச்சியை ஊதி அணைத்தார்.

"இன்னாபா நீ! கூட்டுல குஞ்சு கீது. தாய் பதறி எழுந்தா, குஞ்சு தண்ணில வுழுந்துடும். என் கல்யாணத்துக்கே மோளத்த நிறுத்திக்கினு வர்றோம், உனுக்கு வெடி கேக்குதா?"

கூனிக் குறுகிப்போனேன். கரையைத் தாண்டிய பிறகுதான் அவர்கள் மேளம் முழங்கியது. எப்பேர்ப்பட்ட மனிதர்கள்!

இப்போதெல்லாம் ஏரியை நெருங்கியதும் சைக்கிள் மணியில் கைக்குட்டையைச் சுற்றிவிடுகிறேன். நாரைகள் தாமாகப் பறக்கும்வரை கேமரா காத்திருக்கிறது.