பெண் பார்க்கப் போன என் வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓடைப்பட்டியில் நடந்தது இது. எங்களுக்குத் திராட்சைப் பந்தல் உண்டு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நாற்பது வருடம் ஓடிப்போன பிறகும் இதை எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. அன்றைக்கு யார் யார் மேலோ வந்த கோபம் இன்று ஒரே ஆள் மேல் வந்து நிற்கிறது. அந்த ஆள் யாரென்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

ஒரு வருடம் பன்னீர் திராட்சை நன்றாகக் காய்த்து, கேரளாவுக்குப் போகும் லாரிக்காரர்களும் மனம் நோகாத விலை கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று வீட்டில் முடிவானது. முடிவானதுதான் தாமதம், ஊரில் ஆளாளுக்கு வாத்தியார் ஆகிவிட்டார்கள். ஸ்கூட்டர் வாங்கு, முன்னால் கூடை வைக்கலாம் என்றார் எங்கள் அய்யா. பெரிய வண்டியாக வாங்கு, அதில் வந்து இறங்கினால்தான் நாலு பேர் எழுந்து நிற்பார்கள் என்றார் மாமா. சின்ன வண்டியே போதும், பெட்ரோல் குடிக்காது என்றார் டீக்கடைக்காரர். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

நான் ஒரு வருடமாகவே யோசித்து வைத்திருந்தேன். பந்தலுக்குப் போகும் பாதையில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஏறாது. பெரிய வண்டி சேற்றில் சாய்ந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என் கண் இருந்தது இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி மேல். இருநூற்றைம்பது சி.சி., கறுப்பு டேங்க், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். கிக்கரும் கியரும் ஒரே லிவர். அதை உள்பக்கமாக அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்து விட்டால் மறுபடி கியர். கம்பெனிப் பேரைச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் காலத்து ஆட்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். சின்னமனூரில் ஒருவரிடம் கெஞ்சி அதே மாதிரி வண்டியை வாங்கி, பின்னால் ஓர் ஆளை உட்கார வைத்துக்கொண்டு குமுளி மலை ஏறிப் பார்த்தேன். மூச்சு வாங்காமல் ஏறியது, வளைவுகளில் சொன்னபடி கேட்டது. அன்றைக்கே மனதில் முடித்துவிட்டேன்.

மதுரையில் பதிவு செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து, உசிலம்பட்டி வழியாக நானே ஓட்டி வந்தேன். புது இன்ஜின் என்று நாற்பதுக்கு மேல் முறுக்கவில்லை. சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் என்னை முந்திப் போகப் பார்த்தார்கள். ஊருக்கு வந்த பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் “இது என் வண்டி” என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. அடுத்த தெருவிலிருந்து என் கூட்டாளியின் அம்மா வந்தார். கூட்டாளி என்னோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்தவன். சின்னமனூரில் ஓர் உரக்கடையில் மூட்டை தூக்கி எடை போடும் வேலை. அவனுக்குக் கெங்குவார்பட்டியில் பெண் பார்த்திருக்கிறார்களாம். பெண் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவள், தகப்பனார் தோட்டம் துரவு உள்ளவர். மாப்பிள்ளை பஸ்ஸில் போய் இறங்கினால் மரியாதையாக இருக்காதாம், ஒரு நாளைக்கு வண்டி வேண்டுமாம். நான் தயங்கினேன். “ஏலே, ஒரு நாளைக்குத்தான கேக்குறோம். வண்டி என்ன தேஞ்சா போகும்?” என்றார். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் நடப்பதுதான். பெண் பார்க்கப் போக ஒருத்தர் வாட்ச், ஒருத்தர் மோதிரம், ஒருத்தர் செருப்பு என்று ஊரே ஒரு மாப்பிள்ளையைச் சோடித்து அனுப்பும். அது பொய் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வேறு ஆள் கையில் வண்டியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் வருகிறேன் என்று சொன்னேன். வீட்டுப் பெரியவர்கள் பஸ்ஸில் போய்விட, நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் கிளம்பினோம். தேனி, பெரியகுளம், தேவதானப்பட்டி வரை நான் ஓட்டினேன். ஊருக்கு முந்தின திருப்பத்தில் நிறுத்தி, அவன் முன்னால் ஏற, நான் பின்னால் உட்கார்ந்தேன். மூன்று நாள் மட்டும் என்னிடம் ஓட்டிப் பழகியவன் என் வண்டியை உலுக்கி உலுக்கி ஓட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு அப்போது இருந்த கவலை எல்லாம் கிளட்சைப் பற்றித்தான்.

பஸ்ஸில் வந்து சேர்ந்த பெரியவர்களோடு கூட்டாளி உள்ளே போனான். நான் போகவில்லை, வண்டியில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் தகப்பனார் வெளியே வந்தார். தோளில் துண்டு, பேச்சில் நிதானம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஏன் பெரிய வண்டி எடுக்கவில்லை என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துகொண்டது. ஸ்கூட்டர் ஏன் ஆகாது, பெரிய வண்டியில் என்ன சங்கடம், குமுளி ஏற்றத்தில் எப்படிச் சோதித்தது, எத்தனை மாதம் காத்திருந்தது எல்லாவற்றையும் கொட்டினேன். நான் என்ற சொல்லை மட்டும் எச்சரிக்கையாக விட்டுவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, என் பக்கத்தில் நெருங்கி வந்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். போன வாரம் ஒரு வாத்தியாரு வந்து பொண்ணப் பாத்துட்டுப் போனாக. சைக்கிள்லதான் வந்தாக. ரெண்டு எடத்துல எதுன்னு எனக்குப் பிடிபடல. இந்த வண்டி மாப்பிள்ளையோடதுதான?”

வீட்டுக்குள் கூட்டாளியின் அம்மாவின் சேலை தெரிந்தது. “ஆமாங்க” என்றேன்.

அவர் டேங்க் மேல் கையை வைத்தார். “இம்புட்டு யோசிச்சு வண்டி எடுத்தவுக, எம் புள்ளையையும் நல்லாத்தான் வச்சிருப்பாக” என்றார். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? என் தேர்வை ஒருத்தர் மெச்சிவிட்டார் என்ற சந்தோஷம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் உண்மை.

கிளம்பும்போது கூட்டாளிக்கு வண்டி கிளம்பவில்லை. கியரையே உதைத்துக்கொண்டிருந்தான். லிவரை உள்ளே அமுக்கித் திருப்பச் சொல்லி நான் பின்னாலிருந்து முணுமுணுத்தேன். ஜன்னலில் பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்தது. என் வண்டிக்கு ராசியான வண்டி என்று பேர் வந்துவிட்டது. அவனுக்குக் கொடுத்தாயே, எனக்குக் கொடுக்க மாட்டாயா என்று வந்து நின்றார்கள். இரண்டு பேருக்குக் கொடுத்தேன். கோம்பைக்குப் போன மாப்பிள்ளை மட்கார்டில் கீறல் போட்டுக்கொண்டு வந்தான். உத்தமபாளையம் போனவன் இண்டிகேட்டரை உடைத்தான். ஒருத்தனும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நான் ஊர் முழுக்க வயிறெரிந்து திட்டித் தீர்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டாளியின் மனைவி எங்கள் பந்தலுக்கே வேலைக்கு வந்தாள். மாப்பிள்ளை உரக்கடையைக் கவனித்துக்கொள்கிறார் என்று இவர்கள் சொன்னதை நம்பித்தான் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வந்த பிறகுதான் அவன் அங்கே மூட்டை தூக்குகிறவன் என்று தெரிந்திருக்கிறது. அந்த வேலையும் பாதி நாள் போகமாட்டான். பிறந்த வீட்டில் கூலிக்குப் போகாத பெண், கையில் கத்தரியோடு அண்ணாந்து நின்று குலை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கப் போவது மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் எனக்கே போடியில் பெண் பார்த்தார்கள். என் வண்டியில், என் சட்டையில், என் வாட்ச்சோடு போனேன். பெண்ணின் சித்தப்பா வாசலிலேயே வண்டி நம்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இதே வண்டி கோம்பையில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்ததாம், அப்போது மாப்பிள்ளை வேறாம். சீட்டுக்கடியிலிருந்து என் பேர் போட்ட ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “வண்டிய எரவல் வாங்கியாந்தவுகளுக்குப் புக்க வாங்கியாறது பெரிய காரியமா?” என்றார். உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்த நானும் எங்கள் பெரியவர்களும் வைத்த வடையைத் தொடாமல் எழுந்து வந்தோம். மறுநாளே இடம் சரிவராது என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

ஆள் வந்த அன்று சாயங்காலம் நேராகக் கூட்டாளி வீட்டு வாசலில் போய் வண்டியை நிறுத்தினேன். அவன் இல்லை. அதற்காக நான் விடுவேனா? ஓசி வண்டியில் பெண் பார்த்து ஊரை ஏமாற்றுகிற கூட்டம் நீங்கள், உங்களால் என் சொந்த வண்டியிலேயே நான் திருடன் மாதிரி நின்றேன், என் மானம் போயிற்று, எனக்கு வந்த சம்பந்தம் போயிற்று என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவன் அம்மா உள்ளேயே இருந்துகொண்டார்.

அந்தப் பெண்தான் வெளியே வந்தாள். எங்கள் பந்தலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருப்பாள் போல, விரலெல்லாம் திராட்சைக் கறை. நான் கத்தி முடிக்கிற வரை நின்றாள்.

“அண்ணே, ஒங்களுக்கு ஒரு எடம்தான போச்சு. நாளைக்கே வேற எடம் வரும். அந்த லிவரத் தெரியாம இவுக முழிச்சப்பவே இது இவுக வண்டி இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்காத்தாகிட்டச் சொன்னேன். ‘ஒங்கய்யா அந்தக் கூட்டாளித் தம்பிகிட்டக் கேட்டுட்டாக, அவரு பொய் சொல்ல மாட்டாரு, நீ பேசாம இரு’ன்னு சொல்லிட்டாக.”

குரலை உயர்த்தவில்லை.

“அந்த வாத்தியாரு சைக்கிள்லதான் வந்தாக. ஆனா அது அவுக சைக்கிளு.”

உள்ளே போய்விட்டாள். நான் வண்டியை உதைத்துக் கிளப்பவில்லை. அந்தச் சத்தம் அவள் காதில் விழக்கூடாது என்று வீடு வரை தள்ளிக்கொண்டே போனேன். மறுநாள் கூட்டாளியைப் பிடித்துக் கேட்டபோது, ஊரில் எல்லாரும் செய்வதுதானே, இதற்கு ஏன் இத்தனை கொதிப்பு என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவனுக்கு அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன்.

அதன் பிறகு பெண் பார்க்க என்று கேட்டு வந்த எவனுக்கும் சாவியைக் கொடுக்கவில்லை. பெண் வீட்டார் யாராவது ஒரு பையனைப் பற்றி விசாரித்து வந்தால், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தைக் கெடுக்கிறவன் என்று எனக்கு ஊரில் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும். கட்டி வருகிறவளின் வாழ்க்கை கெட்டாலும் பரவாயில்லை, கல்யாணம் கெடக்கூடாது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு என்ன பேச்சு?

அந்தப் பெண் பல வருடம் எங்கள் பந்தலில் வேலை செய்தாள். அண்ணே என்றுதான் கூப்பிட்டாள், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. வண்டியை நான் இன்னும் விற்கவில்லை. கொட்டகையில் நிற்கிறது. யாராவது வந்து பழைய வண்டி, அருமையான தேர்வு என்று மெச்சும்போதெல்லாம், டேங்க் மேல் கை வைத்துப் பேசிய அந்தத் தகப்பனார்தான் கண்ணில் வருகிறார். ஊரெல்லாம் “என் வண்டி, என் வண்டி” என்று சொல்லித் திரிந்த நான், சொல்லியே ஆகவேண்டிய ஒரே இடத்தில், ஒரே ஒரு மனிதர் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டபோது, அதைச் சொல்லாமல் விட்டேன்.