சுவரில் நான் போட்ட டிக்

மாதனூரில் கம்பெனி பஸ் ஏறிப் போய், நாள் முழுக்க ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் என் வேலை. செக்கர். தோலை விரலிடுக்கில் பிடித்தாலே தடிமன் சொல்லிவிடுவேன். தடித்தது அப்பர், ஷூவின் வெளித்தோல்; இழுப்பையும் உதையையும் அதுதான் தாங்கும். மெல்லியது லைனிங், சும்மா உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் புத்தியைக் கொண்டுபோய்ச் சுவரில் காட்டினேன்.

நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சுவர். அதை எடுத்துவிட்டால் நீளமாக ஒரு ஹால் கிடைக்கும் என்று எனக்கு ஆசை. போனில் கேட்டதற்கு மேஸ்திரி, "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வர்றேன். நான் பாக்குற வரைக்கும் கை வெக்காதீங்க" என்றார். எனக்கு எரிச்சல். செக்கருக்கே செக்கிங்கா? சனிக்கிழமையே கதவு நிலைப் பக்கம் டேப் வைத்து அளந்தேன். நாலரை அங்குலம். வெளிச்சுவர் ஒன்பது.

"இது வெறும் லைனிங்தாங்க. மேல மெத்த தானா நிக்கும்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, தேறிய ஷூவுக்குப் போடுவதுபோல் சில்வர் பேனாவால் அந்தச் சுவரில் ஒரு டிக்கும் போட்டேன். எங்கள் பக்கம் தட்டையான கூரை எதுவாக இருந்தாலும் அது மெத்தை வீடு. விற்றவரும் அப்படித்தான் சொன்னார். மெத்தை என்றால் கம்பி கட்டிய கான்கிரீட் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு ஒன்பதரைக்கே என் கணவர் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார். மேல் வரிசையில் நான்கு செங்கல் வந்தது. நான் வாங்கி அடுக்கினேன். ஐந்தாவதை அவர் உளியால் நெம்பும்போது, கூரையின் பூச்சு ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. சத்தம் கேட்டபடியேதான் மேஸ்திரி உள்ளே வந்தார். நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை.

"சார், உளிய அப்டியே வுட்டுட்டு மெதுவா எறங்குங்க. நீங்களும் வெளிய வாங்கம்மா."

இருவரும் வெளியே வந்தோம்.

வாசலில் நின்று மேஸ்திரி டார்ச் அடித்துக் காட்டினார். கான்கிரீட்டும் இல்லை, கம்பியும் இல்லை. கருங்கல் பலகைகள். முன்னறைக் கல்லும் பின்னறைக் கல்லும் அந்த நாலரை அங்குலத்தின் மேல் இரண்டு இரண்டு விரல் அகலம் மட்டும் உட்கார்ந்திருந்தன. செங்கல் எடுத்த இடத்தில் கல்லின் முனைக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"மேல போட்ட சுண்ணாம்பு புடிச்சினு கீது, அவ்ளோதான். சுவரு ஒல்லியா தடியான்னு பாக்கக் கூடாதும்மா. அது மேல இன்னா ஒக்காந்துனு கீதுன்னு பாக்கணும்."

கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்திருக்கிறேன், அதுவும் என் கணவர் தலையை. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதியத்துக்குள் மேஸ்திரியின் ஆட்கள் ஜாக்கி கொண்டுவந்து கல்லுக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஹால் ஆசை அத்தோடு போனது.

சாயங்காலம் தலையிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டேன். "மேஸ்திரி வர்ற வரைக்கும் பொறுக்கலாம்னு உங்களுக்குத் தோணலயா?"

"நீதான் டிக் போட்டுட்டியே."

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனுஷன் நிஜமாகவே அதை நம்பித்தான் அந்தக் கல்லுக்குக் கீழே நின்றிருக்கிறார்.